பிரேக் லைட் எரியவில்லையா? சுவிட்சை மாற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டியவை

ஹெட்லைட் போனால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். ஹாரன் போனால் முதல் திருப்பத்திலேயே தெரியும். பிரேக் லைட் போனது மட்டும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் வந்த யாராவது பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைத் தட்டிச் சொன்னால்தான் உண்டு.

கேள்விப்பட்டதும் பலரும் செய்வது, ஒரு புது சுவிட்ச் வாங்கி மாட்டுவது. சின்னப் பொருள், கழற்றுவதும் சுலபம், ஆகவே அதில்தான் முதலில் கை போகிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் பழைய காரில் பிரேக் லைட் அணையவே மாட்டேன் என்றது. ஒரு சுவிட்ச் மாற்றினேன், சரியாகவில்லை. வாங்கியதே கெட்டுப்போனது என்று முடிவுகட்டி இன்னொன்றும் மாற்றினேன். இரண்டு சுவிட்சும் நன்றாகத்தான் இருந்தன. கோளாறு என் காலடியில், மிதியடி மேல் தூள்தூளாகக் கிடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒயரிங் என்றாலே பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு டெஸ்ட் லேம்ப் (ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் கிளிப் உள்ள சின்னச் சோதனை விளக்கு), ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு டார்ச், கையில் ஒரு 21 வாட் பல்ப். இவ்வளவு இருந்தால் பெரும்பாலான பிரேக் லைட் கோளாறுகளை ஒரு மணி நேரத்துக்குள் பிடித்துவிடலாம்.

கரண்ட் போகிற வழி

பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் முதலில் ஒரு பியூஸுக்கு வருகிறது. அங்கிருந்து பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச். சுவிட்சைத் தாண்டியதும் ஒரே ஒயர் வண்டியின் பின்பக்கம் போய், இடது, வலது, நடுவில் உயரத்தில் இருக்கும் மூன்றாவது லைட் என்று பிரிகிறது. பல்ப் வழியாகப் போன பிறகு எர்த் ஒயர், பாடி, திரும்பவும் பேட்டரியின் நெகட்டிவ். பெரும்பாலான கார்களில் இந்தப் பியூஸுக்குச் சாவி போடாமலே சப்ளை இருக்கும். அதனால் சோதனை முழுவதையும் சாவியை எடுத்துவிட்டே செய்யலாம். சில கார்களில் மட்டும் சாவியை ஆன் பண்ண வேண்டியிருக்கும்.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பெடலை மிதித்தால் சுவிட்ச் அமுங்குகிறது என்று நினைத்துக்கொள்வோம். நடப்பது நேர் எதிர். வீட்டில் பிரிட்ஜ் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு மூடியிருக்கும்போது உள்ளே ஒரு சின்னக் குமிழ் அமுங்கியிருக்கிறது, விளக்கு அணைந்திருக்கிறது. கதவைத் திறந்தால் குமிழ் வெளியே வருகிறது, விளக்கு எரிகிறது. பிரேக் பெடல்தான் இங்கே அந்தக் கதவு. பெடல் சும்மா இருக்கும்போது சுவிட்சின் குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். மிதித்தால் பெடல் விலகிப் போகும், குமிழ் வெளியே வரும், லைட் எரியும். ஆகவே குமிழை அழுத்த எதுவும் இல்லாமல் போனால், சுவிட்சே கழன்று தொங்கினாலும்கூட, லைட் எரிந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

சுவிட்சில் இரண்டு பின் இருந்தால் ஒரு ஜோடிக் கான்டாக்ட். நான்கு பின் இருந்தால் இரண்டு ஜோடி. ஒன்று லைட்டுக்கு, மற்றது அதற்கு எதிர்மாறாக வேலை செய்து, பெடல் மிதிபட்டதை இன்ஜின் கம்ப்யூட்டருக்கும், வேகத்தைத் தானே நிலையாக வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலுக்கும் சொல்கிறது. ரொம்பப் பழைய கார்களில் சுவிட்ச் பெடல் பக்கத்தில் இல்லாமல், பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலோ பிரேக் பைப்பிலோ இருக்கும். ஆயிலின் அழுத்தத்தில் ஆன் ஆகும். சில புதிய கார்களில் காந்தத்தால் இயங்கும், கான்டாக்டே இல்லாத சென்சார் இருக்கிறது. அதைக் குமிழ் சுவிட்ச் மாதிரி மீட்டரில் ஓம் (தடை) அளந்து சோதிக்க முடியாது.

கருவியைத் தொடும் முன் பார்க்க வேண்டியது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பெடலை மிதிக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே அளவான ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். கட்டை சரியாக நிற்கவில்லை என்றால் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து மிதிக்கலாம்.

என்ன எரிகிறது, என்ன எரியவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அலட்சியம் செய்யாதீர்கள், எங்கே தேடுவது என்பதை இந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் சுவிட்சை மறந்துவிடுங்கள். மற்றப் பக்கம் எரிகிறதே, சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. பல்ப், ஹோல்டர், அந்தப் பக்கத்து எர்த், இவற்றோடு தேடல் முடிந்துவிடும். நடு லைட் எரிகிறது, கீழே இரண்டும் எரியவில்லை என்றாலும் பெரும்பாலும் சுவிட்ச் நிரபராதிதான். இரண்டு பல்பும் ஒரே நாளில் போகுமா என்று கேட்பார்கள். ஒரே நாளில் போகவில்லை. ஒன்று எப்போதோ போயிருக்கும், யாரும் கவனிக்கவில்லை, இரண்டாவதும் போன பிறகுதான் ஆள் வந்து சொல்லியிருக்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. இண்டிகேட்டருக்கும் பிரேக்குக்கும் பல்பின் ஒரே இழையை (உள்ளே எரியும் கம்பியை) பயன்படுத்தும் சில கார்களில், பிரேக் லைட் கரண்ட் ஸ்டீயரிங் அடியில் இருக்கும் இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாகத்தான் பின்னால் போகும்.

மூன்றுமே எரியவில்லை என்றால்தான் பியூஸ், சுவிட்ச், அவற்றின் கனெக்டர் ஆகியவற்றின் மேல் சந்தேகம். மூன்றும் அணையாமல் எரிந்தால் பெடல் பக்கம் போங்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாகிறது, பார்க்கிங் லைட்டும் சேர்ந்து எரிகிறது என்று விசித்திரமாக ஏதாவது நடந்தால் அது பெரும்பாலும் எர்த் கோளாறு. முதலில் அதைப் பாருங்கள். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட், பக்கத்து இழை வழியாக வேறு லைட்டுக்குள் புகுந்து அங்கே எர்த் தேடுகிறது.

காருக்குள் தெரியும் அறிகுறிகளையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் கியர் பார்க்கிங்கிலிருந்து நகர மறுப்பது, பட்டன் ஸ்டார்ட் வண்டி பெடலை மிதித்தும் ஸ்டார்ட் ஆகாதது, குரூஸ் கன்ட்ரோல் செட் ஆகாதது, இவற்றுக்கெல்லாம் பிரேக் சுவிட்ச் காரணமாக இருக்கலாம்.

பல்பும் ஹோல்டரும்

பல்பைக் கழற்றிக் கண்ணாடியைப் பாருங்கள். உள்ளே கறுத்திருந்தால், இழை அறுந்து ஆடினால், மேலே யோசிக்க வேண்டாம். பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து ஒரே பல்பாக இருந்தால் அது 21/5 வாட், இரட்டை இழை. அதன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதையும் பலவந்தமாகத் திணித்து மாட்டியவர்கள் உண்டு. மாட்டினால் பார்க்கிங் லைட் பளிச்சென்றும் பிரேக் லைட் மங்கலாகவும் எரியும்.

மீட்டரில் பல்பைச் சோதிக்கிறவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். 12 வோல்ட்டில் 21 வாட் என்றால் கணக்குப்படி சுமார் 7 ஓம் வர வேண்டும். மீட்டரில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். பல்ப் ஷார்ட் ஆகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 7 ஓம் என்பது இழை பழுக்கச் சூடாகி எரியும்போது உள்ள அளவு. குளிர்ந்த இழையின் தடை அதில் ஒரு சின்னப் பங்குதான். ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பாய்வதும், சுவிட்சின் கான்டாக்ட் காலப்போக்கில் கருகிக் குழிவதும் இதனால்தான்.

ஹோல்டரில் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பூப்பு, உருகிய பிளாஸ்டிக், உள்ளே அமுங்கிப்போன தகடு, இதில் எது இருந்தாலும் புது பல்ப் போட்டும் பயனில்லை. பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டு தட்டையாகத் தேய்ந்திருந்தாலும் கான்டாக்ட் விட்டு விட்டுப் போகும்.

பியூஸ்

பியூஸ் பெட்டி மூடியில் ஸ்டாப் என்றோ பிரேக் என்றோ போட்டிருக்கும். இல்லாவிட்டால் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதைவிட, கழற்றாமலே டெஸ்ட் லேம்பால் சோதிப்பது மேல். பியூஸின் முதுகில் இரண்டு சிறிய உலோக முனைகள் வெளியே தெரியும். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் கடிக்கவிட்டு இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் பியூஸுக்கே சப்ளை வரவில்லை; சாவியை ஆன் பண்ணி மறுபடி பாருங்கள்.

போன பியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஆம்பியர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பியூஸ் எரியாது, ஒயர் எரியும். அதே ஆம்பியரில் புதிது போட்டுவிட்டு அது எப்போது போகிறது என்று கவனியுங்கள். பெடலைத் தொடாமலே, மாட்டிய உடனே போனால் பியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஷார்ட். மிதித்த உடனே போனால் சுவிட்சைத் தாண்டிய பிறகு ஷார்ட். ஒரு பியூஸைப் பலி கொடுத்துப் பாதி ஒயரிங்கை ஒதுக்கிவிட்டோம்.

அதற்கு மேல் பியூஸ் செலவழிக்க வேண்டாம். பியூஸை எடுத்துவிட்டு அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே நம் 21 வாட் பல்பை ஒயரோடு இணையுங்கள். எங்கே ஷார்ட் இருந்தாலும் கரண்ட் இந்தப் பல்பைத் தாண்ட முடியாது, எதுவும் எரிந்து போகாது. பின் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டுப் பெடலை மிதியுங்கள். நம் பல்ப் இன்னும் பளிச்சென்று எரிந்தால் ஒயரில் ஷார்ட் இருக்கிறது. இனி ஒயரை அங்கங்கே அசைத்து, கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போங்கள். எதைப் பிரித்ததும் பல்ப் அணைகிறதோ அதற்கு அப்பால்தான் உரசல்.

பெடலுக்கு அடியில்

டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, கழுத்து வலிக்க உள்ளே தலையை நுழைக்க வேண்டிய இடம் இது. மஞ்சள் நிற கனெக்டர், மஞ்சள் நிற ஒயர் உறை தெரிந்தால் அது ஏர்பேக். அதில் டெஸ்ட் லேம்பையோ மீட்டரையோ வைக்கவே கூடாது.

சுவிட்சுக்கு முன் பெடலின் தண்டைப் பாருங்கள். சுவிட்சின் குமிழ் போய் முட்டுகிற இடத்தில், பல கார்களில் தண்டில் ஒரு துளை போட்டு, அதில் சட்டைப் பட்டன் அளவுக்கு ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு வில்லையைப் பொருத்தியிருப்பார்கள். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து அது மொறுமொறு என்று ஆகிவிடும். ஒரு நாள் உடைந்து விழும். குமிழ் நேரே அந்தத் துளைக்குள் புகுந்து வெளியே நீட்டிக்கொள்ளும். பெடல் மிதிபட்டிருப்பதாகச் சுவிட்ச் நினைத்துக்கொள்ளும். லைட் அணையாது.

என் மிதியடியில் கிடந்தது அந்த வில்லைதான். முதல் சுவிட்ச் மாற்றிய அன்றே அந்த நீலத் துணுக்குகளைப் பார்த்தேன். ஏதோ மிட்டாய் உடைந்தது என்று தட்டிவிட்டேன். இரண்டாவது சுவிட்சும் மாட்டி, லைட் அணையாமல் அப்படியே மல்லாந்து கிடந்தபோதுதான் டார்ச் வெளிச்சம் அந்தத் துளையில் பட்டது. துளையின் விளிம்பில் அதே நீலத்தில் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டிருந்தது. வில்லை சுவிட்சைவிட மலிவு என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். உடனே கிடைக்காவிட்டால், அந்தத் துளைக்குப் பொருந்துகிற ஒரு சின்ன போல்ட்டைத் தட்டைத் தலை குமிழ்ப்பக்கம் வருமாறு போட்டு நட் இறுக்கினால் தற்காலிகமாக ஓடும். சரியான வில்லை வந்ததும் எடுத்துவிடுங்கள். இரும்புத் தலை குமிழைத் தேய்க்கும்.

வில்லை நன்றாக இருக்கிறதா? இப்போது கனெக்டர். பிரிக்காமல், ஒயர் நுழைகிற பின்பக்கத்திலிருந்து மெல்லிய குண்டூசி போன்ற ஒன்றை ஒயரை ஒட்டிச் செருகி அதில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். ஒயரின் தோலைக் குத்தாதீர்கள். குத்திய ஓட்டையில் ஈரம் புகுந்து உள்ளேயே அரித்துவிடும். இரண்டு பின் சுவிட்ச் என்றால் ஒரு பக்கம் எப்போதும் எரிய வேண்டும். மறுபக்கம் பெடலை மிதிக்கும்போது மட்டும் எரிய வேண்டும்.

இரண்டு பக்கமும் எப்போதும் இருட்டு என்றால் பியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒயர் விட்டுப்போயிருக்கிறது. மிதித்தால் இரண்டிலும் எரிகிறது, ஆனால் பின்னால் லைட் இல்லை என்றால் சுவிட்ச் நல்லது. பின்பக்கம் போக வேண்டும். ஒரு பக்கம் எரிகிறது, மிதித்தும் மறுபக்கம் எரியவில்லை என்றால்தான் குற்றவாளி கிட்டே வந்துவிட்டோம். அப்போதும் அவசரப்படாதீர்கள். சுவிட்சை இருப்பிடத்திலிருந்து கழற்றி, கனெக்டர் மாட்டியபடியே கையில் வைத்துக்கொண்டு குமிழை முழுசாக வெளியே விடுங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச் கெடவில்லை, அதன் இடைவெளிதான் தவறு. குமிழ் முழுசாக வெளியே வந்தும் எரியவில்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது.

மேசையில் வைத்தும் சரிபார்க்கலாம். மீட்டரை ஓமில் வைத்து, லைட்டுக்கான இரண்டு பின்களில் பிடியுங்கள். குமிழ் வெளியே இருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். அழுத்தினால் தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். நான்கு பின் சுவிட்சில் மற்ற ஜோடி இதற்கு எதிர்மாறாகக் காட்டும்.

கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒயரால் இணைத்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. இரண்டே பின் உள்ள பழைய காரில், நடுவில் ஒரு பியூஸ் வைத்த ஒயரால் செய்யலாம், தப்பில்லை. நான்கு பின் கனெக்டரில் எந்த ஒயர் எங்கே போகிறது என்ற ஒயரிங் படம் கையில் இல்லாமல் செய்யாதீர்கள்.

மீட்டர் எப்போது பொய் சொல்லும்

மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஒயரில் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அந்த ஒற்றை இழையை நம்பிப் பல்ப் சரியாக எரியும் என்று சொல்ல முடியாது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட்டேஜ் பார்த்து, வருகிறதே என்று திருப்திப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பல்ப் மாட்டி, பெடலை மிதித்து, கரண்ட் ஓடும்போது எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும். டெஸ்ட் லேம்ப் எனக்குப் பிடித்ததற்கும் இதுதான் காரணம். அது கொஞ்சம் கரண்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.

சுவிட்சின் இரண்டு பின்களிலும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வையுங்கள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பெடலைத் தொடாமல் இருக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ் காட்டினால் மகிழ்ச்சி. ஒரு முனைக்குப் பியூஸ் வழியாக சப்ளை வந்திருக்கிறது, மறுமுனை பின்னால் பல்பு இழை வழியாக எர்த்துக்குப் போயிருக்கிறது. பியூஸ், முன் ஒயர், பின் ஒயர், குறைந்தது ஒரு பல்ப், அதன் எர்த், எல்லாமே தொடர்பில் இருக்கின்றன என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துகொண்டோம். சாதாரண இழை பல்ப் உள்ள கார்களில் இந்தச் சோதனை அருமையாக வேலை செய்யும், எல்.இ.டி. விளக்கில் இதை நம்ப முடியாது.

முனைகளை எடுக்காமல் பெடலை மிதியுங்கள். அளவு 0.1, 0.2 வோல்ட்டுக்குள் விழ வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் நின்றால் உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கிறது. 12 அப்படியே நின்றால் சுவிட்ச் இணைக்கவே இல்லை.

அரை வோல்ட், ஒரு வோல்ட் என்றால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றும். இரண்டு 21 வாட் பல்ப் சேர்ந்து சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கும். நடுவில் எங்காவது 0.3 ஓம் தடை இருந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தின்றுவிடும். இழை பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறையும். வெயில் நேரத்தில் பின்னால் வருகிறவருக்கு அந்த லைட் எரிகிறதா என்றே தெரியாது.

எர்த்தையும் இப்படியே பாருங்கள். பெடலை மிதித்தபடி, மீட்டரின் ஒரு முனை ஹோல்டரின் எர்த் ஒயரில், மற்றது பாடியில் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று வந்தால் எர்த் ஒயர் பாடியோடு சேரும் போல்ட்டைத் தேடிக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள்.

பின்பக்கத்து ஒயர்

சுவிட்ச் நல்லது, பல்ப் நல்லது, எர்த் நல்லது, இருந்தும் எரியவில்லை என்றால் டிக்கி மூடி வளைகிற இடத்தில் இருக்கும் ரப்பர் குழாயைப் பிரியுங்கள். மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் உள்ளே இருக்கும் ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. பல ஆயிரம் முறை மடங்கிய பிறகு அறுந்துபோகும். வெளித்தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு விட்டிருக்கும். நடு லைட் மட்டும் போனால் முதலில் நான் பார்க்கிற இடம் இது. பெடலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மூடியை மெதுவாக ஏற்றி இறக்குங்கள்; லைட் விட்டு விட்டு எரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. டிரெய்லர் இழுக்கிற வண்டி என்றால் அதற்காக நடுவில் வெட்டி ஒட்டிய இணைப்புகளையும் பாருங்கள்.

லைட் அணையவே இல்லை என்றால்

சுவிட்சின் கனெக்டரைப் பிரியுங்கள். லைட் அணைந்தால் வில்லை, இடைவெளி, அல்லது உள்ளே ஒட்டிக்கொண்ட கான்டாக்ட். பிரித்தும் எரிந்தால் பின்பக்க ஒயர் வேறு ஏதோ சப்ளை ஒயரில் உரசுகிறது, அல்லது நடுவில் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) இருந்தால் அது ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் மூலம் லைட்டை எரிக்கும் சில கார்கள் மட்டும், சுவிட்ச் சிக்னல் காணாமல் போனதும் பாதுகாப்புக்காகத் தாங்களே லைட்டைப் போட்டுவிடும். அங்கே இந்தச் சோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவைக்க முடியாது. 3.5 ஆம்பியர் என்றால் 45 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி 13 மணி நேரத்தில் காலி. அதற்கு வெகு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகாது. ராத்திரி நிறுத்தும்போது பிரேக் லைட் பியூஸை எடுத்து வையுங்கள். காலையில் கிளம்பும் முன் மறக்காமல் போட வேண்டும்.

கம்ப்யூட்டர் நடுவில் இருக்கும் கார்கள்

புதிய கார்கள் பலவற்றில் சுவிட்ச் நேராக லைட்டை எரிப்பதில்லை. பெடல் மிதிபட்டதை பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்குச் சொல்கிறது, மாட்யூல் லைட்டைப் போடுகிறது. இங்கே டெஸ்ட் லேம்பைக் கண்ட ஒயரில் வைக்காதீர்கள். அது இழுக்கும் கரண்ட் மாட்யூலைக் கெடுக்கலாம். காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டி லைவ் டேட்டாவில் பிரேக் சுவிட்சைத் தேடுங்கள். பெடலைத் தொட்டதும் ஆஃப் என்பது ஆன் என்று மாற வேண்டும். மாறுகிறது, லைட் எரியவில்லை என்றால் மாட்யூலுக்கு அப்பால் தேடுங்கள். மாறவில்லை என்றால் சுவிட்சும் அதன் ஒயரும்.

ஸ்கேனர் காட்டும் பழுதுக் கோட்களில் பி0571 (P0571) பிரேக் சுவிட்ச் சர்க்யூட்டையே குறிக்கும். பி0572 என்றால் சிக்னல் குறைவு, பி0573 என்றால் அதிகம். பி0504 வந்தால் இரண்டு ஜோடிக் கான்டாக்டும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன என்று அர்த்தம். ஒன்று மிதித்திருக்கிறது என்கிறது, மற்றது இல்லை என்கிறது. இந்தக் கோடுக்குச் சுவிட்ச் இடம் தவறி உட்கார்ந்திருப்பதும் காரணமாகலாம். கோட் காட்டுவது தெருவை மட்டும்தான். வீட்டைக் கண்டுபிடிக்க மேலே சொன்ன சோதனைகள் வேண்டும்.

புது சுவிட்சைப் பொருத்துவது

மரை உள்ள சுவிட்ச் என்றால் லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சின் உடல் பெடலின் வில்லையை ஏறக்குறைய தொடும் வரை திருகி, பிறகு கொஞ்சம் பின்னால் எடுத்து நட்டை இறுக்குங்கள். எவ்வளவு இடைவெளி என்பது வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

தானாக அட்ஜஸ்ட் ஆகும் சுவிட்சில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். பல வண்டிகளில் குமிழை முழுசாக வெளியே இழுத்துவிட்டு, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே சுவிட்சைத் துளையில் வைத்துத் திருப்பிப் பூட்ட வேண்டும். பிறகு பெடலை மெதுவாக விட்டால், குமிழ் தனக்கு வேண்டிய நீளத்துக்கு உள்ளே போய் நின்றுகொள்ளும். அந்த வண்டிகளில் பெடலை மிதிக்காமல் மாட்டினால் அளவு தவறிப்போகும். சில சுவிட்சுகள் ஒரே முறைதான் அட்ஜஸ்ட் ஆகும், கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். கையேட்டில் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

மாட்டியதும் பெடலைக் காலால் மிதிக்க வேண்டாம், விரலால் லேசாக அழுத்துங்கள். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே லைட் எரிய வேண்டும். விட்டதும் அணைய வேண்டும். அடுத்து, பெடல் முழுசாக மேலே திரும்புகிறதா என்று பாருங்கள். சுவிட்சை அளவுக்கு மீறி உள்ளே தள்ளியிருந்தால் லைட் ஒழுங்காக அணையும். ஆனால் அது பெடலைச் சற்றே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், பிரேக் எப்போதும் லேசாக உரசியபடியே ஓடும். லைட் சரியாகிவிட்டதே என்று அதோடு கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரங்களின் அருகேயும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். எல்லாச் சக்கரமும் வழக்கத்தைவிடச் சூடாக அடித்தால் சுவிட்சைக் கால் சுற்று பின்னால் எடுங்கள்.